காய் கழுவும் தண்ணீர்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



விதை நேர்த்தி, உர அளவு, பூச்சி மருந்து என்று எத்தனையோ விஷயங்களை இந்த நிகழ்ச்சியில் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அறுவடைக்குப் பிறகு நடக்கிற ஒரு சின்ன வேலையைப் பற்றி. கீரையைப் பறித்துக் கட்டுப் போட்டதும் அந்த வேலையைச் செய்கிறோம். முள்ளங்கியைப் பிடுங்கினதும் செய்கிறோம். கேரட், பீட்ரூட், கொத்தமல்லி, வெற்றிலை எல்லாவற்றுக்கும் சந்தைக்கு அனுப்புமுன் செய்கிறோம். கழுவுகிற வேலையைத்தான் சொல்கிறேன்.

"இதிலே பேச என்ன சார் இருக்கு? தண்ணியிலே ஒரு முக்கு முக்கி எடுத்தா ஆச்சு!" என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஒரு முக்கில்தான் சங்கதி இருக்கிறது. எந்தத் தண்ணீரில் முக்குகிறோமோ, அதைப் பொறுத்து அந்தக் கட்டு ஒரு வீட்டுக்கு ஆகாரமாகப் போய்ச் சேரும், அல்லது அந்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அந்த வீடு உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

காயில் இரண்டு விதமான அழுக்கு உண்டு. ஒன்று மண், தூசி, இலைச் சருகு. இது கண்ணுக்குத் தெரியும். சந்தையில் வியாபாரி பார்ப்பதும் இதைத்தான். இன்னொன்று கிருமி. அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ருசியும் மாறாது. பளபளவென்று இருக்கிற வெள்ளரிப் பிஞ்சில் அது இருக்கலாம். மண் ஒட்டின முள்ளங்கியில் இல்லாமலும் இருக்கலாம்.

கிருமியில் முக்கியமானவை சிலவற்றைச் சொல்கிறேன். ஈ. கோலை என்று ஒரு பாக்டீரியா. மனிதர் குடலிலும் மாட்டின் குடலிலும் அது சாதாரணமாகவே இருப்பது. பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. ஆனால் அதிலே சில கெட்ட சாதிகள் ரத்தபேதியை உண்டாக்கும். சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கும். சால்மோனெல்லா என்று இன்னொரு கூட்டம். டைபாய்டு காய்ச்சலைத் தருவது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இவை தவிர, சீதபேதிக் கிருமி, வாந்திபேதிக் கிருமி, மஞ்சள் காமாலையில் ஒரு வகையைப் பரப்பும் வைரஸ், உருளைப்புழு முட்டை, நாடாப்புழு முட்டை எல்லாம் கீரை, காய் மூலமாக வயிற்றுக்குள் போகக் கூடியவை. பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால் அதன் குஞ்சு மூளைவரை போய்த் தங்கி வலிப்பு நோயை உண்டாக்கும். பன்றிக்கறியைக் கையால் தொடாத சைவக்காரருக்கும் இது வருகிறது. காரணம், அந்த முட்டை மனித மலத்திலிருந்து தண்ணீரிலும் மண்ணிலும் கலந்து காயில் ஏறுகிறது.

பாக்டீரியா பெருகுகிற வேகத்தையும் கேளுங்கள். சூடும் ஈரமும் ஆகாரமும் தோதாகக் கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இப்படியே போனால் 8 மணி நேரத்தில் ஒரே ஒரு கிருமி 1 கோடியே 67 லட்சமாகிவிடும். காலையில் நறுக்கி வைத்த வெள்ளரித் துண்டும் தர்பூசணித் துண்டும் மாலை வரை வெயிலில் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

எங்கிருந்து வந்து ஏறுகிறது?

முதல் வழி, பச்சைச் சாணம். நன்றாக மக்கின தொழுவுரம் தங்கம் போன்றது. மக்காத சாணத்தைக் கரைத்துக் கீரைப் பாத்தியில் ஊற்றுவது வேறு விஷயம். அமெரிக்காவில் இயற்கை வேளாண்மைச் சான்றிதழுக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பச்சை எருவை இட்டால், மண்ணில் படுகிற காயை 120 நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும், மண்ணில் படாத காயை 90 நாள் கழித்து அறுக்க வேண்டும் என்பது விதி. நம் சிறுகீரையும் முளைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். 120 நாளுக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே கீரைக்கு மக்கின எரு மட்டும்தான், அதுவும் நிலம் தயார் பண்ணும்போதே. எருக்குழி உள்ளே நன்றாகச் சூடேறி, புரட்டிப் புரட்டி விட்டு மக்கியிருக்க வேண்டும். 55 டிகிரிச் சூட்டைத் தொட்டுப் பல நாள் நின்றால்தான் கிருமி சாகும். பஞ்சகவ்யம், அமிர்தக் கரைசல் தெளிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றிலே சாணம் இருக்கிறது. பச்சையாகத் தின்கிற கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, வெற்றிலை இவற்றின் மேல் அறுவடை நெருங்கும் சமயம் தெளிக்க வேண்டாம். மண்ணுக்குக் கொடுங்கள்.

இரண்டாவது வழி, தண்ணீர். ஊர்ச் சாக்கடை கலக்கிற வாய்க்கால், மாடு குளிப்பாட்டுகிற குட்டை, கரையிலே மனிதர் ஒதுங்குகிற குளம், இவற்றின் தண்ணீர் பாசனத்துக்கும் கழுவுவதற்கும் வருகிறது. மூன்றாவது வழி, கை. வயிற்றுப்போக்கு இருக்கிற ஒருவர் கட்டுப் போட்டால், அவர் கையிலிருந்து அத்தனை கட்டிலும் ஏறும். நான்காவது, கூடையும் சாக்கும். நேற்றுக் கோழியை ஏற்றின கூடையில் இன்றைக்குத் தக்காளியை ஏற்றினால் என்ன பிரயோஜனம்?

குட்டையில் முக்கினால் நடப்பது

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் 500 கட்டுக் கீரை பறித்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அதிலே 5 கட்டில்தான் கிருமி ஏறியிருக்கிறது. கழுவாமல் அனுப்பினால் 5 வீட்டுக்கு ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே தொட்டித் தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாக முக்கி எடுக்கிறார். அந்த 5 கட்டின் கிருமி தண்ணீரில் இறங்குகிறது. தண்ணீரிலிருந்து மற்றக் கட்டுகளில் ஏறுகிறது. இப்போது ஆபத்து 500 வீட்டுக்கும். தண்ணீரே சாக்கடைத் தண்ணீராக இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. மண் போயிற்று, கட்டும் பளிச்சென்று இருக்கிறது, வியாபாரிக்கும் சந்தோஷம். ஆனால் கழுவினதாலேயே கெட்டுப் போயிற்று.

இது ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். 2011-ல் அமெரிக்காவில் கிர்ணிப்பழத்தால் ஒரு நோய் பரவி 147 பேர் படுத்தார்கள், 33 பேர் இறந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, பழத்தைக் கழுவிப் பெட்டி கட்டுகிற கொட்டகையிலே கருவிகளிலும் தரையில் தேங்கின தண்ணீரிலும் கிருமி குடியிருந்தது தெரிந்தது. இயந்திரமும் இருந்தது, தூரிகையும் இருந்தது. சுத்தம் மட்டும் இல்லை. நம் நீலகிரியிலும் கேத்தி பாலாடா பக்கம் கேரட்டை இயந்திரத்தில் போட்டுக் கழுவுகிறார்கள். இயந்திரம் சுழன்று மண்ணை எடுக்கும். கிருமி போகிறதா, சேருகிறதா என்பதை அதற்கு ஊற்றுகிற தண்ணீர்தான் முடிவு செய்யும்.

மூன்று தொட்டி முறை

அப்படியானால் என்ன செய்வது? பெரிய செலவில்லாத ஒரு வழி சொல்கிறேன். மூன்று தொட்டி வைத்துக் கொள்ளுங்கள். சிமெண்டுத் தொட்டியோ, பிளாஸ்டிக் டிரம்மோ, எதுவானாலும் சரி. பூச்சி மருந்து வந்த டிரம் மட்டும் கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் அது கூடாது.

முதல் தொட்டி மண் போக்க. இதிலே காயை அலசி, கையாலோ தேங்காய் நாராலோ தேய்த்து மண்ணை எடுத்துவிடுங்கள். தண்ணீர் கலங்கினதும் மாற்றுங்கள். கொட்டுகிற தண்ணீர் தென்னைக்குப் போகட்டும்.

இரண்டாவது தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். கடையில் கிடைக்கிற பவுடரில் 25 சதம் குளோரின் இருப்பதாக வைத்துக் கொண்டால், 100 லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் போதும். அப்போது பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் 100 பங்கு குளோரின் இருக்கும். வெற்றிலை, இளங்கீரை போன்ற மெல்லிய இலைக்கு 20 கிராமில் ஆரம்பித்து, முதலில் ஒரு கைப்பிடி இலையை மட்டும் முக்கிப் பார்த்துக் கொள்ளுங்கள். பவுடரை நேரே தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு வாளியில் கரைத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்க வேண்டும். காயை 2 நிமிஷம் அமிழ்த்தி எடுத்தால் போதும்.

மூன்றாவது தொட்டி குடிக்கிற தண்ணீர். அதிலே ஒரு அலசு அலசி, தண்ணீரை உதறி, நிழலில் சுத்தமான விரிப்பின் மேல் பரப்பி ஈரம் வடிந்த பிறகு கட்டுங்கள். ஈரத்தோடு சாக்கில் திணித்தால் அழுகலும் வரும், மிஞ்சின கிருமியும் பெருகும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். "குளோரின் போட்டாச்சு, காயிலே இருக்கிற கிருமி எல்லாம் செத்துப் போச்சு" என்று நினைத்துவிடாதீர்கள். இலை மடிப்பிலும், கீறலிலும், காம்புக் குழியிலும் பதுங்கின கிருமியைக் குளோரின் அவ்வளவாகத் தொடாது. குளோரினுக்குப் பிரதான வேலை தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது. ஒரு கட்டிலிருந்து இறங்கின கிருமி அடுத்த கட்டில் ஏறுமுன் அதைத் தண்ணீரிலேயே கொல்வது. மண்ணும் சருகும் சேர்ந்தால் குளோரின் அவற்றிலேயே செலவாகிவிடும். அதனால்தான் முதல் தொட்டியில் மண்ணைப் போக்கச் சொன்னேன். இரண்டாவது தொட்டி கலங்கினால் அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். உருளைப்புழு முட்டையைக் குளோரின் கொல்லாது. அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பவுடர் விஷயத்தில் எச்சரிக்கை நாலு. திறந்து வைத்த பவுடர் நாளாக நாளாக வீரியம் இழக்கும். இறுக மூடி, ஈரமில்லாத நிழலான இடத்தில் வையுங்கள். இரண்டாவது, கரைக்கும்போது காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள், கண்ணில் தெறிக்க விடாதீர்கள். மூன்றாவது, கழிப்பறை கழுவுகிற ஆசிட்டையோ வினிகரையோ அதனோடு சேர்க்கவே கூடாது. விஷப்புகை கிளம்பும். நாலாவது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அளவைக் கூட்டினால் நல்லது என்ற எண்ணமும் வேண்டாம். இலை வெளுக்கும், வாடை தங்கும், கையும் எரியும்.

தண்ணீர் நல்லதா என்று சந்தேகமாக இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக் கூடத்தில் பரிசோதித்துக் கொள்ளலாம். கிணற்றுக்கு அருகே கக்கூஸ் குழி இருந்தால் குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தக்காளிக்குத் தனி எச்சரிக்கை

சூடான சொம்பைத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். சூடு ஆற ஆறத் தண்ணீர் உள்ளே ஏறும். உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்குவதால் அப்படி ஏறுகிறது. உச்சி வெயிலில் பறித்த தக்காளியை அப்படியே குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் கொட்டினாலும் இதேதான் நடக்கும். பழத்துக்குள் இருக்கிற காற்று சுருங்கி, காம்பு இருந்த குழி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீரோடு கிருமியும் போகும். உள்ளே போனதை எந்தக் கழுவலும் எடுக்காது. 1999-ல் பிரேசில் நாட்டு மாம்பழத்தால் அமெரிக்காவில் 78 பேருக்குச் சால்மோனெல்லா நோய் வந்தது. பழ ஈயைக் கொல்ல வெந்நீரில் போட்டு, பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஆற வைத்தபோது கிருமி உள்ளே போயிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

ஆகவே தக்காளியை அதிகாலையில் பறியுங்கள். வெயிலில் பறித்தால் நிழலில் ஆற விட்டுக் கழுவுங்கள். கழுவுகிற தண்ணீர் பழத்தைவிட 5 டிகிரியாவது வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வெடித்தது, நசுங்கினது, அழுகினது எல்லாவற்றையும் முதலிலேயே பொறுக்கி எறிந்துவிடுங்கள். கழுவ அவசியமில்லாத காயைக் கழுவவே வேண்டாம். துணியால் துடைத்தாலே போதும் என்றால் அதுவே உத்தமம்.

வீட்டில் தாய்மார்கள் செய்ய வேண்டியது

முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். காய்க்குச் சோப்பு வேண்டாம். காய்த் தோலில் சோப்பு ஊறி வயிற்றுக்குள் போகும். குழாயடியில் ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதே சிறந்தது. இப்படிக் கழுவினால் மேலே ஒட்டின கிருமியில் பத்தில் ஒன்பது பங்கு வரை போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குழாய் இல்லாத வீட்டில் பெரிய பாத்திரத்தில் அலசி, மூன்று தடவை தண்ணீர் மாற்றினால் சரி. கீரையைப் பாத்திரத்திலிருந்து கையால் அள்ளி எடுங்கள். தண்ணீரோடு சாய்த்தால் அடியில் தங்கின மண் மறுபடி கீரை மேலேயே விழும்.

"உப்பும் மஞ்சளும் போட்டு ஊற வைக்கிறோமே, போதாதா?" என்று கேட்பீர்கள். உப்புத் தண்ணீரில் காலிபிளவரிலிருந்து புழு வெளியே வரும், அந்த மட்டும் நல்ல பழக்கம்தான். வீட்டில் போடுகிற உப்பு அளவுக்குப் பாக்டீரியா சாகாது. தேய்ப்பும் தண்ணீர் மாற்றுவதும்தான் வேலை செய்கின்றன.

முட்டைக்கோஸில் மேல் இலை இரண்டைக் கழற்றிப் போடுங்கள். தர்பூசணி, கிர்ணிப்பழம், வெள்ளரி இவற்றைத் தோல் சீவப் போகிறோமே என்று கழுவாமல் விடாதீர்கள். கத்தி தோலிலிருந்து கிருமியை உள்ளே கொண்டுபோகும். மீன், கறி நறுக்கின பலகையிலேயே வெங்காயப் பச்சடிக்கு நறுக்காதீர்கள். நறுக்கின பழத்தை இரண்டு மணி நேரத்துக்குள் தின்றுவிடுங்கள். வைத்திருக்கப் போகிற கீரையை முன்கூட்டியே கழுவி வைக்காமல், சமைக்கும் முன் கழுவுங்கள்.

வெற்றிலையை மறந்துவிடுகிறோம். சோழவந்தானிலும் ஆத்தூரிலும் வேலூர்ப் பக்கத்திலும் அருமையான வெற்றிலை விளைகிறது. அது வேகாமல் நேரே வாய்க்குப் போகிற இலை. வாடாமல் இருக்க எந்தத் தண்ணீரையோ தெளித்துக் கொண்டே இருக்கிறோம். 2014-ல் ஐரோப்பிய நாடுகள் வங்கதேசத்து வெற்றிலையில் சால்மோனெல்லா இருந்ததால் அதை வாங்குவதையே நிறுத்திவிட்டன. தெளிக்கிற தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும்.

கழுவினாலும் போகாத இடம் ஒன்று உண்டு. முளைகட்டின பயறும் வெந்தயமும் அது. விதைக்குள்ளேயே கிருமி ஒளிந்திருந்தால், முளைக்கிற ஈரமும் சூடும் அதற்குக் கொண்டாட்டம். முளைப்பயறை ஆவியில் நன்றாக வேக வைத்துக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். எல்லாக் காய்க்குமே, வேக வைப்பதை மிஞ்சின காவல் வேறில்லை.

வியாபாரி கூட விலை தருவாரா?

ஒரு கிராமத்துக் கூட்டத்திலே இதையெல்லாம் சொன்னபோது கீரைத் தோட்டக்காரர் ஒருவர் எழுந்து, "சார், நான் மூணு தொட்டி வைக்கிறேன், பவுடர் போடுறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் குட்டையிலே முக்கி அனுப்புறார். சந்தையிலே ரெண்டு பேருக்கும் ஒரே விலைதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைக்கு ஒரே விலைதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். 2011-ல் ஜெர்மனியில் ஈ. கோலை பரவி 3,800 பேருக்கு மேல் படுத்தார்கள், 50 பேருக்கு மேல் மாண்டார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்தான் காரணம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பிறகு பார்த்தால், முளைகட்டின வெந்தயம்தான் காரணம் என்று தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் வெள்ளரி வாங்க ஆளில்லாமல் மலைமலையாக அழிக்கப்பட்டது. ஐரோப்பாவின் காய்கறி விவசாயிகளுக்கு நிவாரணமாக 20 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. ஒரு பாவமும் அறியாதவர்களுக்கு அந்த நஷ்டம். ஒரு ஊர்க் காய்க்குக் கெட்ட பெயர் வந்தால் நல்லபடி கழுவினவரும் சேர்ந்துதான் முழுகுவார். ஆகவே இது தனி ஒருவர் செய்கிற காரியமாக இருந்தால் பலிக்காது. ஒரே குட்டையில் கழுவுகிற பத்துப் பேரும் சேர்ந்து, குழுவாகவோ பஞ்சாயத்து மூலமாகவோ, ஆழ்குழாய்த் தண்ணீரோடு ஒரு கழுவு களம் கட்டிக் கொள்ளுங்கள். அங்கேயே சோப்பும், கொஞ்சம் தள்ளி ஒரு கழிப்பறையும் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு உள்ள ஆளுக்கு அன்றைக்குக் கட்டுப் போடுகிற வேலை வேண்டாம், களை வெட்டுகிற வேலை கொடுங்கள். கூலியைக் குறைத்தால் அவர் நோயை மறைத்துத்தான் வருவார்.

100 லிட்டருக்கான பவுடர் சில ரூபாய்க்குள் அடங்கும். ஒரு குழந்தை டைபாய்டில் படுத்தால் மருத்துவச் செலவும் வேலை போன கூலியும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

சுருக்கமாக ஒருமுறை சொல்லி முடிக்கிறேன். கீரைக்கு மக்கின எரு மட்டுமே. காலையில் அறுவடை. அழுகலைப் பொறுக்கி எறிதல். முதல் தொட்டியில் மண் போக்கல், இரண்டாவதில் 100 லிட்டருக்கு 40 கிராம் பவுடர், 2 நிமிஷம், மூன்றாவதில் குடிக்கிற தண்ணீர். நிழலில் ஈரம் வடித்தல். சுத்தமான கூடை, சுத்தமான கை. நீங்கள் குடிக்கத் தயங்குகிற தண்ணீரில் பிறர் தின்கிற காயைக் கழுவாதீர்கள்.

அளவில் சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலரையோ வேளாண்மை அலுவலரையோ கேளுங்கள். ஒரு நாள் காலையில் களத்துக்கே வந்து செய்து காட்டச் சொல்லுங்கள். வருவது அவர்கள் கடமை.